கேள்வி–பதில்: கெர்னலுக்கு எவ்வளவு, மெசாவுக்கு எவ்வளவு?

கேள்வி: லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர் முழுவதையும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே வைத்தால் என்ன? (வாசகர், பெரம்பூர், சென்னை)

பதில்: வைக்கலாம், ஆனால் ஷேடர் கம்பைலரில் (காட்சிகளை வரையும் சிறு நிரல்களைக் கிராஃபிக்ஸ் சில்லுக்கு ஏற்ப மாற்றும் பகுதி) நேரும் பிழை, ஒரு விளையாட்டை மட்டும் நிறுத்துவதற்குப் பதிலாகக் கணினியையே முடக்கிவிடக்கூடும். ஆகவே, பல நிரல்கள் பங்கிட்டுக்கொள்ளும் வீடியோ நினைவகம், ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சில்லுக்கு) கட்டளைகளை அனுப்பும் வரிசை, திரையின் தெளிவுத்திறன் ஆகியவற்றைக் கெர்னல் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நிரல்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் இடைமுகங்களின் அழைப்புகளை ஜிபியு கட்டளைகளாக மாற்றும் பெரும்பணியை கெர்னலுக்கு வெளியே இயங்கும் மெசா போன்ற நூலகங்களிடம் விட்டுவிடுகிறது.

திரையின் தெளிவுத்திறனை அமைக்கும் பொறுப்பு முன்பு, திரையில் சாளரங்களைக் காட்டும் நிரலான எக்ஸ் சர்வரிடம் இருந்தது. வன்பொருளை நேரடியாகத் தொட வேண்டியிருந்ததால் அது ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்துடன் இயங்கியது. 2009-இல் வெளியான 2.6.29 கெர்னலில்தான், இன்டெல் சில்லுகளுக்கு அப்பொறுப்பு கெர்னலுக்கு வந்தது. தாமதமானாலும் சரியான முடிவு என்பேன். இப்பிரிவினையில் கடினமானது எல்லைக்கோடுதான்: கெர்னல் ஒருமுறை வெளியிட்ட இடைமுகத்தைப் பழைய மெசாவுக்காகத் தொடர்ந்து காப்பாற்றியாக வேண்டும்.