தாத்தாவுக்குத் தெரியாத கல்லூரி

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால் என் மகன் 2025 ஆகஸ்டில் இங்கே இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். இரண்டே வருடத்தில் பெர்க்லிக்கு மாறி எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் படிக்க வேண்டும். கிரேடு குறையக் கூடாது என்று முதல் செமஸ்டரில் பொதுப் பாடங்களாகவே எடுத்தோம்: ஆங்கிலம், சமூகவியல், கலை வரலாறு, திரைப்பட ரசனை. நான்கிலும் ஏ. ஜனவரியில் மானுடவியல் எடுக்கலாமா, உளவியலா? எதில் ஏ வாங்குவது எளிது? எத்னிக் ஸ்டடீஸ் என்று சிறுபான்மை இனங்களின் வரலாறு பற்றிய ஒரு வீண் பாடம் கட்டாயமாம், அதை எப்போது தொலைப்பது? ஊரில் இருக்கும் மாமனாரிடம் பெர்க்லியில் சேர்ந்துவிட்டதாகவே சொல்லி வைத்திருக்கிறோம். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவர். பேரன் படிப்பு என்றால் அவருக்கு உயிர்.
– ஒரு தாய்

பதில்: மானுடவியலும் வேண்டாம், உளவியலும் வேண்டாம். கால்குலஸ் எங்கே அம்மா?

என்ஜினீயர் ஆகப் போகிறவன் ஒரு செமஸ்டர் முழுக்கக் கணக்கைத் தொடாமல் ஓட்டியிருக்கிறான். பள்ளியிலேயே கல்லூரி அளவிலான ஏபி கால்குலஸ் தேர்வை எழுதித் தேறியிருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டீர்கள். சமூகவியலை எந்த செமஸ்டரிலும் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு அப்படியில்லை. கால்குலஸ் ஒன்றை முடிக்காமல் இரண்டில் உட்கார விடமாட்டார்கள். அதற்குப் பிறகு மூன்றாவது, லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்று வரிசை நீளும். இயற்பியல் வகுப்புகளும் கால்குலஸின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஜனவரியில் தொடங்கினால், 2026 நவம்பரில் விண்ணப்பம் நிரப்பும்போது காட்டுவதற்கு என்ன இருக்கும்? திரைப்பட ரசனையில் ஒரு ஏ. என்ஜினீயரிங்குக்குப் பொதுப் பாடப் பட்டியலைவிடத் துறைக்கான அடிப்படைப் பாடங்களே முக்கியம் என்று, பெர்க்லியைத் தன் வளாகங்களில் ஒன்றாகக் கொண்ட யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகமே சொல்கிறது.

உங்கள் மகன் சேர்ந்த பருவத்திலிருந்து அமலாகியிருக்கும் கால்-கெட்சி என்ற பொதுப் பாடப் பட்டியலில் இருப்பது மொத்தம் 11 பாடங்கள், பாட அளவில் 34 யூனிட். அதில் கணக்குக்கான இடத்தைக் கால்குலஸே நிரப்பிவிடும். ஆய்வகத்தோடு கூடிய இயற்பியல், அறிவியல் பிரிவில் பாதிக் கணக்கைத் தீர்த்துவிடும். ஒரே வகுப்பில் இரண்டு வேலை முடியும். நீங்களோ கலை வரலாற்றையும் திரைப்பட ரசனையையும் ஒரே செமஸ்டரில் எடுக்க வைத்திருக்கிறீர்கள். பட்டியல் கேட்பது கலையில் ஒன்று, இலக்கியம், தத்துவம் போன்ற மானுடப் புலத்தில் ஒன்று. உங்கள் கல்லூரியில் இரண்டும் கலைப் பிரிவில் மட்டும்தான் இருக்கின்றன என்றால், ஒன்று அங்கே உபரி. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்குச் செல்லும் என்பது அசிஸ்ட் இணையதளத்தில் துறைவாரியாக இருக்கிறது, காசு கேட்காது. அதைப் பார்க்காமல் 'எது எளிது' என்று அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறீர்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி ஒன்று அதைச் சொல்கிறது. 'பெர்க்லியில் சேர்ந்துவிட்டதாகவே சொல்லி வைத்திருக்கிறோம்.'

ஏ மட்டும்தான் வேண்டும், இரண்டே வருடம், பெர்க்லியைத் தவிர வேறெங்கும் கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளும் அவனுடைய படிப்புக்காக வந்தவையல்ல. சொன்ன பொய் வெளியே தெரிவதற்குள் அதை உண்மையாக்கிவிட வேண்டுமே, அந்த அவசரத்தில் வந்தவை. யூசி வளாகங்களில் ஆறு, நிபந்தனைகளை முடித்துவரும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு முன்கூட்டியே இடம் உறுதி செய்யும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. எல்லாத் துறைக்கும் அல்ல, ஆனாலும் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ மூன்றிலும் அந்தப் பேச்சே கிடையாது. தருவதாக அவர்களே சொல்லாத இடத்தைப் பெரியவருக்கு நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

தாத்தா வீடியோ அழைப்பில் வந்து 'காலேஜ் எப்படிப்பா இருக்கிறது?' என்று கேட்கும்போது உங்கள் மகன் என்ன சொல்கிறான்? அதை எழுதவில்லையே. பெர்க்லி கட்டடங்களை வர்ணிக்கிறானா, போனை உங்களிடம் நீட்டிவிட்டு எழுந்து போகிறானா? இரண்டில் எது நடந்தாலும், அவன் தினமும் போய்வரும் கல்லூரி மறைக்க வேண்டிய இடம் என்று நீங்கள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது கலிஃபோர்னியா 1960இல் யோசித்துப் போட்ட பாதை. அது கொல்லைப்புற வாசல் இல்லை.

அதுவும் யாரிடம் மறைக்கிறீர்கள்! பகலில் தபால் வேலை, இரவில் பாடப் புத்தகம் என்று பட்டம் வாங்கியவரிடம். சுற்றுவழியில் படிப்பது என்றால் என்னவென்று உங்கள் வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பேரனுக்குப் பேச்சுத்துணையாக இருக்க வேண்டியவரை ஏமாற்றி ஓரமாக உட்கார வைத்திருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் மரியாதை உண்மைதான் என்று நினைக்கிறவள் நான். இதில் உங்களுக்குச் சலுகை தர முடியாது.

எத்னிக் ஸ்டடீஸ் வீண் என்கிறீர்கள். பகத் சிங் திண்ட் என்ற இந்தியர், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், குடியுரிமை கேட்டார். இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே கிடையாது என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 வரை அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கிக் குடியிருக்கும் குடும்பத்துப் பையனுக்கு இது வீண் பாடமா? அவனோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள்.

ஜனவரியில் கால்குலஸோடு ஆங்கிலத்தின் அடுத்த வகுப்பை எடுக்கட்டும். மூன்றாவது வருடம் ஆனால் ஆகட்டும். யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணத்தில் குடி முழுகிவிடாது. கல்லூரி கவுன்சிலரிடம் அவனே நேரம் வாங்கட்டும், அவனே போகட்டும். 'எடுத்தோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பன்மையை இத்தோடு விடுங்கள்.

அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது போனை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அவருடைய அப்பா, அவர்தான் சொல்ல வேண்டும். பையனும் அந்த அறையில் இருக்கட்டும்.