காரில் சைக்கிள் ஏற்ற எந்தத் தாங்கி? – கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது சிறிய ஹேட்ச்பேக் கார். இரண்டு சைக்கிள்களை ஏலகிரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். குறைந்த செலவில் எது பொருந்தும், ஐயா?

பதில்: பின்கதவில் பட்டைகளால் இழுத்துக் கட்டும் தாங்கிதான் விலை குறைந்தது. ஆனால் அதன் கொக்கிகள் கதவின் தகட்டு விளிம்பை மட்டுமே பற்ற வேண்டும். கண்ணாடியிலோ, கதவின் மேல் விளிம்பில் நீட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ மாட்டும் நிலை இருந்தால் இந்த வகையை விட்டுவிடுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்டம் மிகுதி என்பதால், அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்குங்கள். புகைபோக்கிக்கு நேரே டயர் தொங்கினால் வெப்பத்தில் கெட்டுவிடும்.

கேள்வி: கூரைத் தாங்கியில் இரண்டு மின்சைக்கிள்களை ஏற்றலாமா?

பதில்: பெரும்பாலும் கூடாது என்பேன். கூரை தாங்கும் எடை காரின் கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோ வரைதான். குறுக்குக் கம்பிகளின் எடையும் தாங்கிகளின் எடையும் அந்தக் கணக்கிலேயே சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வரம்பு 50 கிலோ, கம்பிகள் 5 கிலோ, இரு தாங்கிகள் 8 கிலோ என்று கொண்டால் எஞ்சுவது 37 கிலோ. தலா 14 கிலோ எடையுள்ள இரு சாதாரணச் சைக்கிள்களுக்கு அது போதும்; தலா 22 கிலோ உள்ள மின்சைக்கிள்களுக்கு, மின்கலத்தைக் கழற்றி உள்ளே வைத்தாலும், எடை வரம்பை ஒட்டியோ மீறியோதான் இருக்கும். இன்னொன்று: நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கூரையின் மேல் நீளவாட்டில் தெரியும் ரெயில்கள் எனும் கம்பிகள் வெறும் அலங்காரமே. அவை எடை தாங்குமா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் எதையும் பூட்டாதீர்கள்.

கேள்வி: கார்பன் சட்டகத்துக்கு எந்தத் தாங்கி நல்லது?

பதில்: சட்டகத்தின் குழாயைக் கவ்விப் பிடிப்பது எதுவும் வேண்டாம். கார்பன் குழாய் ஓட்டுபவரின் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் நெரிக்கும் அழுத்தம் அதற்குப் பகை, விரிசல் வெளியே தெரியாமலும் போகலாம். சக்கரங்களைப் பற்றும் தாங்கியோ, முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை (அச்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை) பூட்டும் தாங்கியோ வாங்குங்கள். பின்னதில் உங்கள் ஃபோர்க்கின் அச்சு குவிக் ரிலீஸா (நெம்புகோலால் தளர்த்தும் மெல்லிய அச்சு), த்ரூ ஆக்ஸிலா (துளை வழியே செருகும் தடித்த அச்சு) என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பின்தாங்கி எண்பலகையை மறைக்கிறதே?

பதில்: பலகையும் பின்விளக்குகளும் முழுமையாகத் தெரிய வேண்டும். மறைத்தால் கூரைத் தாங்கிக்கு மாறுங்கள். அப்போது தாழ்வான நுழைவாயில்களில் இடிக்காமலிருக்க, சைக்கிளோடு சேர்ந்த மொத்த உயரத்தை அளந்து, அதை எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள்.