புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் சாகின்றன? – கேள்வி பதில்

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி, "எந்த மருந்து போடலாம்?" என்றுதான் முடிகின்றன. மருந்தைக் கையில் எடுக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். கீழே உள்ள பதில்களில் இதையே பல தடவை சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 40 லிட்டர் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மறுநாளே ஆறு மோலி விட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஒன்று சாகிறது. உடம்பில் புண் இல்லை, தண்ணீரும் பளிங்கு மாதிரி இருக்கிறது. இது என்ன நோய் அண்ணா?

நோயாக இருக்க வாய்ப்பு குறைவு தம்பி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அம்மோனியாதான்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உருவாகும். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில்கூட நம் மூக்குக்கு வாசம் தெரியாது. அதனால் தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை.

பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் மிகக் குறைந்த அளவில் பெரிய தொந்தரவு தராது, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பான்ஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. அவை போதுமான அளவு பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் விட்டபோது உங்கள் தொட்டிக்கு வயது ஒரு நாள். ஆறு மீனின் கழிவையும் மாற்ற அங்கே யாருமே இல்லை.

பி.எச் அளவையும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை) பாருங்கள். 25 டிகிரியில் பி.எச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் கடும் விஷமான வடிவம் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பி.எச் 8 ஆனால் அது ஏறக்குறைய 5 சதவீதம். மோலிக்குக் காரத்தன்மையுள்ள தண்ணீர்தான் பிடிக்கும், ஆனால் அதே தண்ணீரில் அம்மோனியா பத்து மடங்கு கொடியது.

என் முதல் தொட்டியில் எட்டு நியான் டெட்ராவை ஒரே வாரத்தில் இப்படித்தான் பறிகொடுத்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: மீன்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. ஆறு வாரம் காத்திருக்க முடியாதே. இப்போது என்ன செய்வது?

இன்றே அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதியுங்கள். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையைவிடச் சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் நம்பகமானது. அம்மோனியா 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். புதுத் தண்ணீரும் அதே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும், குளோரின் நீக்கியிருக்க வேண்டும். அப்புறம் தினமும் சோதித்து, அளவு ஏறும்போதெல்லாம் கால் பங்கு மாற்றுங்கள்.

தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஒரு சிட்டிகை போடுங்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. தெரிந்தவர் யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்களுடைய ஃபில்டர் ஸ்பான்ஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். எந்தப் புட்டி மருந்தையும்விட நான் அதைத்தான் நம்புவேன்.

கேள்வி: மூன்று மாதமாக நன்றாக இருந்த தொட்டி. போன ஞாயிறு மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலையில் நான்கு மீன் மிதந்தன. சுத்தம் செய்தது தப்பா?

உங்கள் அக்கறையில் தப்பில்லை, முறையில்தான் தப்பு. குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளையும் அரிக்கும், நீங்கள் மூன்று மாதமாக வளர்த்த பாக்டீரியாவையும் அழிக்கும். பழைய தண்ணீரையும் முழுதாகக் கொட்டியதால் மீனுக்கு ஒரே நாளில் எல்லாமே மாறிப்போனது.

இனி வாரம் 20–25 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். ஸ்பான்ஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு மூன்று தடவை பிழிந்தால் போதும். அது பழுப்பாக இருக்கலாம், பளிச்சென்று ஆக வேண்டியதில்லை. தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் போகாது, ஆன்டி-குளோரின் சொட்டு கட்டாயம்.

கேள்வி: விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மதியம் சரியாகிவிடுகிறது.

ஆக்ஸிஜன் குறைவு. தொட்டியில் செடிகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் சூடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்ஸிஜன், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். இரவில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். நீர்ப்பரப்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் பகல் முழுக்கவும் இப்படி மூச்சு வாங்கி, செவுள் பழுப்பாகத் தெரிந்தால் அது நைட்ரைட். ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி அது இரத்தத்தையே மாற்றிவிடும். அப்போது பம்ப் மட்டும் போதாது, தண்ணீரையும் மாற்றுங்கள்.

கேள்வி: கிண்ணத்தில் ஒரு தங்கமீன் வளர்க்கலாமா?

வேண்டாம். தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். கிண்ணத்தில் ஃபில்டருக்கே இடமில்லை.

கேள்வி: உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மருந்து போட்டு இரண்டு நாளில் மறைந்தன, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டன.

இதற்கு மருந்து தேவைதான். வெண்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணியால் வருவது. தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. பழுத்து உதிர்ந்து, தொட்டி அடியில் பலவாகப் பிரிந்து, குஞ்சுகள் நீந்தி வரும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். புள்ளி மறைந்தது என்றால் அது அடியில் பெருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் புள்ளி போன பிறகும் பாக்கெட்டில் சொன்ன நாள் முழுதும் தொடருங்கள். மீன் தாங்கும் வகையாக இருந்தால் வெப்பத்தை மெதுவாக 28–30 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும். கூடவே காற்றையும் கூட்டுங்கள். செம்பு கலந்த மருந்தானால் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

கேள்வி: இரண்டு வருடத் தொட்டி. பழைய மீன்கள் நன்றாக இருக்கின்றன. புதிதாக விடும் மீன் மட்டும் இரண்டே நாளில் செத்துப்போகிறது. கடைக்காரர் கெட்ட மீன் தருகிறாரா?

அவரைக் குறை சொல்லும் முன் உங்கள் பி.எச்சைப் பாருங்கள். தண்ணீரை அரிதாக மாற்றும் தொட்டியில் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும், பி.எச் மெல்ல இறங்கும். பழைய மீன்கள் மாதக்கணக்கில் அதற்குப் பழகிவிட்டன. புதிதாக வருவதற்கு அது ஒரே அடி.

பதறிப்போய் ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றிவிடாதீர்கள்! பி.எச் குறைவாக இருந்தவரை தீங்கில்லாமல் கிடந்த அம்மோனியா, பி.எச் சட்டென்று ஏறினால் விஷமாகிவிடும், பழைய மீன்களும் போய்விடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 சதவீதம் என்று, இரண்டு மூன்று வாரத்தில் சரிசெய்யுங்கள். அதுவரை புது மீன் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரியானதும் எத்தனை மீன் விடலாம்?

அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து சைபர் காட்டட்டும். பிறகு இரண்டு சிறிய மீன். பையை 15–20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். பத்து நாள் கழித்துச் சோதித்துப் பார்த்து, அப்போதும் சைபர் என்றால் அடுத்த இரண்டு.