கக்கும் ஆண், சண்டை போடும் பெட்டை, சத்தமில்லாத பறவை: எதற்கு மருந்து வேண்டும்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி, முருங்கை விவசாயம் செய்கிறேன். மகள் ஆசைப்பட்டதால் மூன்று ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி, திண்ணையில் ஒரே கூண்டில் மூன்று பானை கட்டி வளர்க்கிறோம். ஓர் ஆண் கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டித் தின்றதைக் கக்குகிறது. ஒரு பெட்டை அடுத்த பானைக்குள் புகுந்து முட்டைகளை உடைத்து, குஞ்சையும் கொத்திக் கொன்றுவிட்டது. இன்னொரு பெட்டை தொடர்ந்து மூன்றாவது ஈடு முட்டை வைக்கத் தொடங்கியது. நேற்றிலிருந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கக்கல் நிற்பதற்காகக் கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து வைத்திருக்கிறேன். போதுமா? இவை ஏன் இப்படி நடந்துகொள்கின்றன?

பதில்: வணக்கம். நீங்கள் மருந்து கொடுக்க நினைத்த பறவைக்கு மருந்து தேவையில்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் பெட்டைக்குத்தான் உடனடி உதவி வேண்டும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

அடுத்தடுத்து மூன்றாவது ஈட்டுக்குப் போன பெட்டை, சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும் பறவை இது. உடல் எடையே 30 முதல் 40 கிராம்தான். ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் அதன் உடம்பிலிருந்துதான் சுண்ணாம்புச் சத்து போக வேண்டும். இருப்பு தீர்ந்துவிட்டால் முட்டையை வெளியே தள்ளும் தசைக்கே வலு இருக்காது. வால் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறதா, முக்குகிறதா, ஆசனவாய்ப் பக்கம் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சிறிய கூண்டையோ காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியையோ எடுத்து, அடியில் துணி விரித்து, அந்தப் பெட்டையைத் தனியாக வையுங்கள். ஒரு பக்கத்தில் வெளியிலிருந்து 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். பல்பு துணியிலோ அட்டையிலோ படக் கூடாது. உள்ளே 28 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் போதும். இன்னொரு பக்கம் பல்பின் சூடு எட்டாமல் இருக்கட்டும். சூடு அதிகமானால் அது தானாகவே விலகிப் போகும். தீனியும் தண்ணீரும் தரையிலேயே, அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வயிற்றை அமுக்கி முட்டையை எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் உயிர் போய்விடும். விளக்கெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். நேற்றிலிருந்தே இப்படி இருப்பதால் காத்திருக்க நேரமில்லை. இந்தச் சூட்டோடேயே இன்றே மருத்துவரிடம் கொண்டுபோய் விடுங்கள். கால்சியம் ஊசியிலேயே பல பறவைகள் முட்டையை இட்டுவிடும். பழனி வழியாகப் போனால் உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் மருத்துவமனையில் பறவை பார்ப்பவர் இல்லையென்றால் அங்கே போய்விடுங்கள். காரணம் முட்டையாக இல்லாமல் வேறு தொற்றாக இருந்தாலும், இந்த நிலையில் செய்ய வேண்டியது இதேதான்.

அடுத்து, தண்ணீரில் கலந்த பொடியைக் கொட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவை பட்ஜிகள். நம் ஊரில் இவற்றைத்தான் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த இனம். காய்ந்த விதையைத் தின்று, மிகக் குறைந்த தண்ணீரில் வாழப் பழகிய உடம்பு. ஒரு நாளைக்குச் சில மில்லி தண்ணீர்தான் குடிக்கும். நோயுற்ற பறவை அதையும் குடிக்காது. அப்படியானால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. நோயைக் கொல்லப் போதாத அளவு, கிருமியைப் பழக்கிவிடப் போதுமான அளவு என்று ஆகிவிடும். மருந்து கசந்தால் நன்றாக இருக்கும் பறவையும் தண்ணீரைத் தொடாது. கோழிக்குக் கலக்கும் அளவை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

சரி, கக்கும் ஆணுக்கு வருவோம். அது நோயில்லை, குடும்பம் நடத்துவதற்கான தயாரிப்பு. பெட்டை அடைகாக்கும் 18 நாளும், அதன் பிறகு குஞ்சுகள் சிறிதாக இருக்கும் நாட்களிலும் பானையை விட்டு அதிகம் வெளியே வராது. ஆண்தான் தீனிப்பையில் நிரப்பிக்கொண்டு வந்து பெட்டைக்கு ஊட்டும். பெட்டை அதைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். தலையை மேலும் கீழும் ஆட்டி, கண்ணின் கருவட்டம் சுருங்கி விரிய, ஓரிடத்தைப் பார்த்துச் சுத்தமாகக் கக்கினால் அது ஊட்டல். உங்கள் ஆண் கண்ணாடிக்குள் தெரியும் பறவையைத் துணை என்று நினைத்து ஊட்டுகிறது. கண்ணாடி வாங்கிக்கொள்வதே இல்லை, ஆனாலும் இது நாள் முழுக்க ஊட்டிக்கொண்டே இருந்து மெலியும். பக்கத்திலேயே உண்மையான துணை இருக்கும்போது கண்ணாடி எதற்கு? எடுத்துவிடுங்கள்.

உண்மையான வாந்தி வேறு மாதிரி இருக்கும். தலையை இடமும் வலமும் உதறும், தீனி கம்பியெல்லாம் சிதறும், முகத்து இறகு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், பறவை சோர்ந்திருக்கும். அதைப் பார்த்தால் மருத்துவரிடம் போங்கள்.

பட்ஜி வளர்ப்பவர்கள் அதிகம் கவலைப்படுவது சத்தம் போடும், கக்கும், கொத்தும் பறவையைப் பார்த்துத்தான். கவலைப்பட வேண்டியது அமைதியாகிவிட்ட பறவையைப் பார்த்து. கூட்டமாகப் பறக்கும் இனம் என்பதால், பலவீனமாகத் தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை நோயை மறைத்துக்கொள்ளும். நமக்குக் கண்ணில் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பகலில் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி, கண்ணை மூடித் தூங்குவது, குரல் நின்றுபோவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சம் நீர்த்துப்போவது, பின்புற இறகில் ஒட்டுவது. இதில் எதைப் பார்த்தாலும் நாளை வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பட்ஜி தோலை உரித்துப் பருப்பை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே ஒரு விதைகூட இருக்காது. நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பறவைகள் பட்டினி கிடந்து சாவது நடக்கிறது. தினமும் ஊதிப் பாருங்கள். முடிந்தால் கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 36 கிராம் இருந்தது 32 ஆனால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது.

இப்போது பெட்டைகளின் சண்டை. அந்தப் பெட்டையைக் கெட்ட பறவை என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் புல் விதை பிடிக்கும். அந்தக் குறுகிய காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துவிட வேண்டும். கூடு கட்டத் தெரியாத பறவை. யூகலிப்டஸ் மரப் பொந்து கிடைத்தால்தான் குடும்பம். பொந்து குறைவு, பெட்டைகள் அதிகம். எனவே பொந்துக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போடும் பெட்டைதான் சந்ததி விட்டுச் சென்றது. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டு 1840-ல் இந்தப் பறவையை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து இத்தனை தலைமுறை கூண்டில் வளர்ந்தும் இந்தக் குணம் போகவில்லை. மூன்று ஜோடிக்கு மூன்று பானை என்பது நமக்குக் கணக்குச் சரி. பெட்டைக்கு அப்படி இல்லை. மேலே கட்டிய பானைதான் எல்லாருக்கும் வேண்டும்.

கூட்டாக வளர்ப்பதென்றால் மூன்று ஜோடிக்கு ஆறு பானையாவது வேண்டும். எல்லாம் ஒரே அளவில், ஒரே உயரத்தில், தள்ளித் தள்ளி, ஒரே நாளில் கட்டியிருக்க வேண்டும். ஜோடியில்லாத பெட்டை கூண்டுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சண்டையைத் தொடங்குவது பெரும்பாலும் அதுதான். ஆனால் உங்கள் பெட்டை ஒருமுறை குஞ்சைக் கொன்றுவிட்டது. அதை இனி கூட்டுக் கூண்டில் நம்ப மாட்டேன். அதன் ஜோடியோடு தனிக் கூண்டுக்கு மாற்றி, மற்றவற்றின் பக்கத்திலேயே வையுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்ற ஜோடிகளின் குரல் கேட்டால்தான் பட்ஜிகள் நன்றாக இனம் சேரும்.

இரண்டு ஈடு முடிந்ததும் பானையைக் கழற்றிவிடுங்கள். அடுத்த நாலைந்து மாதம் ஓய்வு. பானை தொங்கினால் பெட்டை முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும், தானாக நிறுத்தாது. இப்போது நோயுற்றிருக்கும் பெட்டைக்கு இந்த வருடம் பானையே வேண்டாம். சித்திரை வெயிலிலும் பானை கட்டாதீர்கள். பத்து மாதத்துக்குக் குறைந்த பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. வயது தெரியவில்லையென்றால் நெற்றியைப் பாருங்கள்: மூன்று நாலு மாதம் வரை நெற்றிக் கோடுகள் அலகு வரை இறங்கியிருக்கும், கண் முழுக் கறுப்பாக இருக்கும். வளர்ந்த ஆணுக்கு மூக்குத் துளை இருக்கும் சதை நீலமாகவும், முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்குப் பழுப்பாகவும் இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளை போன்ற சில நிறப் பறவைகளில் ஆணுக்கு அந்தச் சதை இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும்.

தீனி விஷயத்தில் விவசாயியான உங்களுக்கு வசதி அதிகம். தோலோடு உள்ள தினை, சாமை, பனிவரகு கலந்து ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி போதும். கொஞ்சம் ஊறவைத்துப் பாருங்கள். முளைத்தால் விதைக்கு உயிர் இருக்கிறது, அந்த முளையையும் கொடுக்கலாம். பூசணம் வாடை வந்த தானியம் வேண்டவே வேண்டாம். விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய விதையை மறந்தும் போட்டுவிடாதீர்கள், அதில் பூஞ்சாணக் கொல்லி பூசியிருக்கும்.

தானியம் மட்டும் தின்றால் வைட்டமின் ஏ குறையும். முருங்கைக் கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம் கொடுங்கள். வணிகத்துக்கு மருந்தடிக்கும் முருங்கையிலிருந்து பறிக்காமல், இவற்றுக்கென்று வீட்டோரம் ஒரு மரத்தை மருந்தில்லாமல் விட்டுவையுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு பூச்சிமருந்து 35 கிராம் உடம்பைச் சாய்த்துவிடும். ஸ்ப்ரேயரும் மருந்து பாட்டிலும் திண்ணையில் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒரு துண்டு எப்போதும் கம்பியில் கட்டியிருக்கட்டும். அவகேடோ, சாக்லேட், வெங்காயம், உப்புப் பண்டம் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் காய்ந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும், எனவே சமையலறைக் காற்று கூண்டுப் பக்கம் வரக் கூடாது.

மற்ற நடத்தைகளில் பயப்பட ஒன்றுமில்லை. தூங்கப் போகும்போது அலகை நறநறவென்று அரைத்தால் நிம்மதியாக இருக்கிறது. ஒரு காலை மடக்கித் தூங்கினாலும் அப்படித்தான். ஒன்று கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும், நம்மைப் போலவே. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை தாங்கவில்லை; நிழலுக்கு மாற்றி, நனைத்த கீரையைக் கட்டுங்கள், அதில் புரண்டு குளிக்கும். நள்ளிரவில் எல்லாம் ஒரேயடியாகப் படபடவென்று அடித்துக்கொண்டால் எலியோ பாம்போ பூனையோ வந்திருக்கலாம். திண்ணைக் கூண்டுக்குச் சின்னக் கண் வலையும், இரவில் ஒரு விடிவிளக்கும் அவசியம்.

அலகைச் சுற்றியும் காலிலும் துளைத் துளையாகப் பொருக்குக் கட்டினால் அது சொறிப் பூச்சி. மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். மருத்துவர் எடைக்கு அளந்து தரும் மருந்திலேயே குணமாகிவிடும்.

மகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள். எச்சத் தட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு துடைக்க வேண்டும்; காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக நுரையீரலைத் தாக்கும் காய்ச்சல் மனிதருக்கு வரலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் நீடித்தால் பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பழக்குவதற்குப் பறவையைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே உட்கார்ந்து மெதுவாகப் பேசட்டும். சில நாள் கழித்து முழுத் தினைக் கதிரைக் கையில் பிடித்து உள்ளே நீட்டி, அசையாமல் இருக்கட்டும். முதலில் கதிரின் நுனியைக் கொறிக்கும், போகப் போக விரலில் ஏறும். கை பழகியதும் கதவடைத்த அறையில் பறக்க விடலாம். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போட்டு, தண்ணீர் நிறைந்த வாளியை மூடிவிடச் சொல்லுங்கள்.