எச்எஸ்சி படிக்கும் பையனுக்கு மிருதங்க வகுப்பு வேண்டுமா?

எச்எஸ்சியில் (பள்ளியின் கடைசிப் பொதுத்தேர்வுப் படிப்பில்) இயற்பியலும் கணக்கும் எடுத்திருக்கும் மகன் சனிக்கிழமைதோறும் மிருதங்கம் கற்கப் போகிறான், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். ஆனால் சங்கீதம் கற்றால் கணக்கு தானாக வரும் என்பவர்களை நம்பவும் வேண்டாம். எட்டு வருஷம் வாசித்த எனக்கு வரவில்லை. உட்கார்ந்து படித்துத்தான் வந்தது.

எனக்குக் கிடைத்தது வேறு. நான் வளர்ந்தது மொரிஷியஸில், ரோஸ் ஹில் பக்கம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் மிருதங்கம், கடற்கரைக்குப் போனால் மாமாவின் ரவான் என்ற வட்டத் தோல்பறை. மொரிஷியஸின் செகா பாட்டும் ஆட்டமும் தொடங்குமுன் அந்த ஆட்டுத்தோலைத் தீயில் காட்டுவார் மாமா. கடற்காற்றில் ஈரம் ஏறித் தொய்ந்த தோல், சூட்டில் காய்ந்து இறுகும், சுருதி ஏறும். (இப்போது பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது, தீ தேவையில்லை.) இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்று வகுப்பில் கம்பியை வைத்துச் சொன்னபோது, கல்லும் புள்ளும் (சிறு மரக்கட்டை) வைத்து மிருதங்க வாரைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்த கைக்கு அது புதிதாகவே இல்லை.

இன்னொரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ரவான் 'தும்' என்று அடங்கிவிடுகிறது, மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) மட்டும் ஏன் ஸ்வரமாகப் பாடுகிறது? ஒருமுறை என் மிருதங்கத்தின் வலந்தலை நடுவிலுள்ள 'சோறு' என்ற கறுப்புப் பூச்சு ஒரு ஓரம் பெயர்ந்தது. அன்றிலிருந்து எப்படித் தட்டினாலும் சுருதி நிற்கவில்லை. அப்போதுதான் அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் சந்தேகம் வந்தது. பாடப்புத்தகத்தில் கம்பியும் குழலும்தான் இருந்தன, தோல் இல்லை. நூலகத்தில் தேடியபோது சி. வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் இதை எழுதியிருப்பது தெரிந்தது. வெறும் வட்டத் தோலின் மேற்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) அடிப்படை அதிர்வெண்ணுக்கு 1.59, 2.14 மடங்கு என்று ஒட்டாமல் நிற்கும். வெந்த சோற்றில் கிட்டக்கல் என்ற கறுப்புக் கல்லின் பொடியைக் குழைத்து நடுவில் பூசி எடை ஏற்றினால், அவை கிட்டத்தட்ட 2, 3, 4 என்ற முழு மடங்குகளுக்கு வந்து சேரும். காது அதைத்தான் ஸ்வரம் என்கிறது.

கேள்வியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, கையிலிருந்து வந்தது. அதனால்தான் விடையைத் தேடி அலைந்தேன்.

பரீட்சை நெருங்கும் மாதங்களில் வகுப்பைக் குறைத்துக்கொள்ளட்டும், நானும் குறைத்தேன். அதுவரை ஒன்று செய்யச் சொல்லுங்கள்: தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) பூசும் ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் பதிவு செய்து, சுருதி எவ்வளவு இறங்குகிறது என்று வரைபடம் போடட்டும். செலவு ஒரு கைப்பிடி ரவை.