எத்திக்ஸ் வகுப்பில் என்னதான் சொல்லித்தருகிறீர்கள்? மருத்துவக் கல்லூரி ஆசிரியரிடம் சில கேள்விகள்

அனாட்டமி படிக்கவே நேரமில்லை சார். இதில் ‘ஏட்காம்’ என்கிற எத்திக்ஸ் வகுப்பு வேறு எதற்கு? (முதலாண்டு மாணவி)

2019-ல் புதிய பாடத்திட்டத்தோடு வந்தது அது. அதன் முதலாண்டுப் பாடங்களில் ஒன்றே உங்கள் டிசெக்‌ஷன் ஹால்தான் அம்மா. நீங்கள் அறுத்துப் படிக்க மேசையில் உடலாகக் கிடப்பவர் உயிரோடிருக்கும்போது விரும்பி எழுதிக்கொடுத்தவரா, கேட்க நாதியில்லாமல் வந்து சேர்ந்தவரா? சட்டப்படி இரண்டு வழியிலும் உடல் வரும். இரண்டாமவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. கத்தி எடுக்குமுன் இதை ஒரு நிமிடம் யோசித்தால் அனாட்டமி ஒன்றும் குறைந்துவிடாது.

“அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க, தாங்கமாட்டார்” என்று மகன் கெஞ்சுகிறார். என்ன செய்ய? (ஹவுஸ் சர்ஜன்)

நம் வார்டுகளில் தினப்படி நடப்பது தம்பி. வகுப்பில் இதை நடிக்கவே விடுவோம். பாதிப் பேர் “சாதாரணக் கட்டிதான்” என்று புளுகுவார்கள். மீதிப் பேர் சட்டப்புத்தகம் போல எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அப்பாவிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

“ரிப்போர்ட்டைப் பற்றி உங்ககிட்டயே பேசட்டுமா, பையன்கிட்ட சொன்னா போதுமா?” இவ்வளவுதான் கேள்வி. “அவன்கிட்டயே சொல்லுங்க” என்றால் அது அவர் எடுத்த முடிவு, மதிக்கலாம். “என்கிட்ட சொல்லுங்க” என்றால் மகன் மறிக்க முடியாது. மகனையும் வில்லனாக்க வேண்டாம். எதற்குப் பயப்படுகிறார் என்று தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்; தங்கை கல்யாணமோ, பாகம் பிரிக்காத நிலமோ வெளியே வரும். அதோடு, ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பலகையைத் தாண்டித்தானே அப்பாவைக் கீமோவுக்குக் கூட்டிப்போகிறோம்? அவர் படிக்காமலா இருப்பார்!

சம்மத ஃபார்மில் கையெழுத்து வாங்கியாயிற்று. அப்புறம் என்ன பிரச்சினை?

உச்ச நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பைப் படியுங்கள். 44 வயதுப் பெண், வயிற்றுக்குள் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்தவர். மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கண் விழிக்கும்வரை காத்திருக்கலாம், எனவே தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். டாக்டரின் மருத்துவக் கணிப்பு சரியாகவே இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் கேட்டாக வேண்டும். மாணவர்களுக்கு இது லேசில் செரிக்காது.

நல்ல குணம் பிறவியிலேயே வரணும். வகுப்பு வைத்தால் வருமா? (ஒரு தந்தை)

குணத்தை மாற்றாதுதான். ஆனால் குணம் மட்டும் போதாது ஐயா. அமெரிக்காவில் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமலே கவனித்துவந்தார்கள். 1940-களில் அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்தபிறகும் தரவில்லை. ஒளித்தும் செய்யவில்லை, மருத்துவ இதழ்களில் கட்டுரை கட்டுரையாக வந்தது. படித்த டாக்டர்களில் 1965-ல் ஒருவர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். அதற்குப் பதில்கூடப் போகவில்லை. மற்றவர்களெல்லாம் கெட்டவர்களா என்ன? கேள்வி கேட்டுப் பழகாதவர்கள்.

பரீட்சையில் வருமா சார்?

வரும். நடிப்பு வகுப்பன்று லீவு போடாமல் வந்தாலே எழுதிவிடலாம்.