திறந்த கவுனுக்குள் தாங்குவது எது? வாசகியர் கேள்விகளும் பதில்களும்

உள்ளாடைக்குப் பேட்டர்ன் வரைவது, வெட்டுவது, தைப்பது, இதுதான் என் பிழைப்பு. இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாமே மாலை விருந்துக்கான கவுன்களைப் பற்றியவை. அத்தனை பேருக்கும் ஒரே தலைவலி: பிரா எங்கெங்கே இருந்தாக வேண்டுமோ, சரியாக அங்கங்கே கவுன் திறந்திருக்கிறது.

கேள்வி: தோளில் ஸ்ட்ராப் இல்லாத ஸ்ட்ராப்லெஸ் கவுன் ஒன்று தைத்தேன். கண்ணாடி முன் நின்றால் கச்சிதம். பத்து அடி எடுத்து வைத்தால் இறங்கிவிடுகிறது. மேல் விளிம்பில் எலாஸ்டிக் கொடுத்து இறுக்கியும் பயனில்லை. எங்கே தப்பு?

பதில்: மேல் விளிம்பை விட்டுவிடுங்கள். அங்கே இறுக்க இறுக்க அக்குள் பக்கம் சதை பிதுங்குமே தவிர, கவுன் நிற்காது. மார்புக்குக் கீழே உடம்பு இடை வரைக்கும் குறுகிக்கொண்டே போகிறது. குறுகலான பக்கம் எந்த வளையமும் வழுக்கத்தான் செய்யும். ஆனால் இடையைச் சுற்றிப் பிடித்த வளையம் அதற்குக் கீழே போக முடியாது, இடுப்பு விரிந்து தடுத்துவிடும். ஆகவே கவுனின் பாரத்தை இடையில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும்.

அதற்கு உள்ளே ஓர் இடைப்பட்டி வையுங்கள். 2.5 செ.மீ. அகலமுள்ள பெட்டர்ஷாம் ரிப்பன் போதும். குறுக்கே வரிவரியாக இருக்கும், இழுத்தால் நீளாது. தைத்து முடித்தபின் அதன் நீளம் கவுனின் இடை அளவைவிட 2 செ.மீ. குறைவாக இருக்கட்டும். செங்குத்துத் தையல்களின் உள்மடிப்பில் மட்டும் அங்கங்கே பிணையுங்கள், துணியோடு சேர்த்து முழுக்க ஓட்டிவிடாதீர்கள். ஜிப்புக்கு இரண்டு பக்கமும் 7, 8 செ.மீ. தளர்வாகத் தொங்க வேண்டும். நுனியில் இரண்டு கொக்கி. உடுத்தும்போது முதலில் கொக்கி, பிறகுதான் ஜிப்.

ஒரு டிரயலில் ஜிப்பை ஏற்ற முடியாமல் நானும் உதவியாளரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். 'மூச்சு விடாதீங்க, விடாதீங்க' என்று அந்தப் பெண்ணை வேறு படுத்திக்கொண்டிருந்தோம். உள்ளே இடைப்பட்டி தொங்குவது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கொக்கியை மாட்டியதும் ஜிப்பின் இரண்டு ஓரமும் தானாக வந்து பக்கத்தில் நின்றன. ஒரே விரலால் ஏற்றிவிட்டேன்.

இடையில் பாரம் உட்கார்ந்தபின் அதை மேல்நோக்கி நிறுத்திப் பிடிக்கும் வேலை போன் எனப்படும் பட்டைக் கம்பிகளுக்கு. வளைந்த தையலுக்குச் சுருள் எஃகு போன், அது எந்தப் பக்கமும் வளையும். ஜிப் ஓரத்துக்குத் தட்டை எஃகு. பிளாஸ்டிக் மலிவுதான், ஆனால் உடம்புச் சூட்டில் வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். எதுவானாலும் போனை அதன் உறையைவிட சுமார் 1 செ.மீ. குறைவாக வெட்டி, நுனிக்குத் தொப்பி போடுங்கள். இல்லாவிட்டால் உட்காரும்போது குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் கொண்டுவந்த குறுகிய இடைக் கவுன்களிலும் இதே சங்கதிதான். இறுக்கிப் பிடிக்கும் உள்கட்டுமானத்தைக் கவுனுக்குள்ளேயே வைத்துத் தைத்தார்கள்.

கேள்வி: முதுகு முழுக்கத் திறந்த கவுன். எனக்குக் கனமான மார்பு. ஒட்டும் சிலிக்கான் கப் வாங்கினேன், அரை மணி நேரத்தில் கழன்று விழுந்தது. பெரிய மார்புக்கு இதெல்லாம் ஆகாதா?

பதில்: அந்தக் கப் ஆகாது. சிலிக்கானுக்கே ஒரு கனம் இருக்கிறது. உங்கள் பாரத்தோடு அதையும் சேர்த்துப் பசைதான் சுமக்க வேண்டும். பசையின் குணத்தையும் பாருங்கள். தோலோடு ஒட்டியபடி கீழ்நோக்கி இழுத்தால் நன்றாகவே தாங்கும். விளிம்பைப் பிடித்து உரித்தால் சட்டென்று விட்டுவிடும். கப் முன்பக்கம் சாயும்போது மேல் விளிம்பு உரிபடுகிறது, அவ்வளவுதான் கதை.

மார்பைத் தூக்கி ஒட்டும் பசைப்பட்டையான மார்பு டேப் நீளமாகத் தோலோடு படிந்து ஓடுவதால் இழுப்பு உரிபடும் திசையில் விழாது. அதனால் கனத்துக்கு அதுவே மேல். முதலில் காம்பின் மேல் பஞ்சோ துணிவட்டமோ வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் சுருளும். ஒரு கையால் மார்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் தொடங்கித் தோளை நோக்கி ஒட்டுங்கள். இரண்டாவது பட்டை முதல் பட்டையின் மேல் பாதி ஏறி வரட்டும். மூன்று நான்கு பட்டை தேவைப்படும். லோஷன், எண்ணெய், பவுடர் எதுவும் அன்றைக்குத் தோலில் படக் கூடாது.

முதுகுத் திறப்பு இடைக்கு மேலேயே முடிகிறது என்றால் டேப்பே வேண்டாம். பிராவின் பின்பட்டையைக் கீழே இழுத்து இடையைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து மாட்டும் லோ-பேக் ஸ்ட்ராப் இருக்கிறது. கப்புக்கு அடியில் வயர் வைத்த, உடம்போடு ஒட்டும் ஒரே துண்டு உள்ளாடையான பாடிசூட்டும் சரிவரும். திறப்பு இடைக்கும் கீழே போய், கழுத்திலும் கட்டு இல்லை என்றால் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்: வடிவம் கொடுக்கலாம், மறைக்கலாம், தூக்கி நிறுத்த முடியாது. கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கட்டு சேர்க்க டிசைனர் ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: டேப் எடுத்த இடத்தில் கொப்புளம். பசை அலர்ஜியா?

பதில்: இருக்கலாம். ஆனால் பட்டையின் இரண்டு நுனியில் மட்டும் கொப்புளம் என்றால் பெரும்பாலும் இழுவைதான் காரணம். நடுப்பகுதியை இழுத்து ஒட்டலாம். நுனியில் 3 செ.மீ. இழுக்காமல் சும்மா படிய விட வேண்டும். எடுக்கும்போது எண்ணெயை ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மெல்லச் சுருட்டி எடுங்கள். வெடுக்கென்று பிய்ப்பது வேண்டவே வேண்டாம். ஒட்டிய இடம் முழுக்கச் சிவந்து அரித்தால் அது அலர்ஜியாக இருக்கலாம், அந்தப் பசையை இனித் தொடாதீர்கள். புது டேப் எதுவானாலும் ஒரு சின்னத் துண்டை விலாப் பக்கம் ஒட்டி ஒரு நாள் பார்த்துவிட்டு உபயோகியுங்கள். கொப்புளம் உடைந்து நீர் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கிறவர்கள் டேப்பால் இறுக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: எப்போதும் 36சி போடுகிறேன். அதே அளவில் ஸ்ட்ராப்லெஸ் பிரா வாங்கினால் இறங்குகிறது.

பதில்: 34டி போட்டுப் பாருங்கள். கப்பின் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றுதான், பட்டி மட்டும் ஓர் அளவு இறுக்கம். தோளில் ஸ்ட்ராப் இருக்கும்போதுகூடப் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது விலாவைச் சுற்றிய பட்டிதான். ஸ்ட்ராப் போய்விட்டால் முழுவதும் அதன் தலையில். புதுசாக இருக்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில், கச்சிதமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் நாளாக நாளாக நீளும், அப்போது உள்கொக்கிக்கு மாறலாம்.

கேள்வி: வெள்ளை சாட்டின் கவுனுக்குள் வெள்ளை உள்ளாடைதானே போட்டேன், ஏன் பளிச்சென்று தெரிகிறது?

பதில்: வெள்ளை என்பதால்தான். கவுன் வழியாகத் தெரிவது உங்கள் தோல். அதன் மேல் வெள்ளைத் துண்டு கிடந்தால் கண்ணில் படாதா? உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய நிறம் போடுங்கள், மாநிறத்துக்குப் பழுப்பு, கறுப்புக்கு அடர்பழுப்பு. பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று அச்சடித்திருப்பது யாருடைய தோலோ, நம்ப வேண்டாம். மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். விளிம்பு மடித்துத் தைக்காத, லேசரில் வெட்டிய ரகமாக இருந்தால் கோடு விழாது. ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டு வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் அதில் தெரியும்.

கேள்வி: கழுத்து வயிறு வரைக்கும் இறங்கிய வி-நெக். இரண்டு பக்கத் துணியும் விலகாமல் இருக்க இரட்டைப்பசை டேப் போதுமா?

பதில்: துணி விளிம்பு தோலை விட்டு விலகாமல் இருக்க அது போதும். மார்பைத் தாங்க அதை நம்பாதீர்கள், அதற்கு அந்த பலம் கிடையாது. நடுத்துண்டு ஆழமாக இறங்கிய யு-பிளஞ்ச் பிரா சில கவுன்களுக்குப் பொருந்தும். நான் செய்வது வேறு: கப்பைக் கவுனின் லைனிங்கிலேயே தைத்துவிட்டு, கப்பின் கீழ் விளிம்பிலிருந்து பவர்நெட் பட்டை ஒன்றை முதுகுக்குக் கொண்டுபோய்க் கொக்கி வைப்பேன். பவர்நெட் நாலா பக்கமும் இழுபட்டுத் திரும்பும் வலைத்துணி. வி-யின் நடுவே தோல் நிற வலைத்துண்டு ஒன்று வைத்தால் இரண்டு கப்பும் பக்கவாட்டில் ஓடாது. நாலடி தள்ளி நின்றால் வலை கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: உடம்பை இறுக்கி வடிவம் காட்டும் ஷேப்வேர் உள்ளாடையை ஓர் அளவு சின்னதாக வாங்கினால் இன்னும் ஒல்லியாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. விளிம்புக்கு மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, அது சுருண்டு இறங்குவதை இழுத்து இழுத்துவிட்டே விருந்து முடிந்துவிடும். நெஞ்செரிச்சல், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது, இதெல்லாம் அளவு மீறிய இறுக்கத்தால் வரும். உங்கள் அளவையே வாங்குங்கள். அடியில் திறப்பு உள்ளதாக வாங்குங்கள். அது ஏன் என்று கழிப்பறைக்குப் போகும்போது புரியும்.

கேள்வி: ஃபேஷன் டிசைன் படிக்கிறேன். கவுனை முடித்துவிட்டு உள்ளாடையை யோசிப்பதா, முன்பே யோசிப்பதா?

பதில்: முன்பே. இந்தத் தொழிலின் பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1910 வாக்கில் நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் நடன விருந்துக்கு மெல்லிய கவுன் ஒன்றை உடுத்தினார். இடையை இறுக்கும் கார்செட் என்ற உள்ளாடையின் போன்கள் துணிக்கு மேலே துருத்தின. பணிப்பெண்ணின் துணையோடு இரண்டு பட்டுக் கைக்குட்டை, கொஞ்சம் ரிப்பன், ஊசி நூல் இவற்றை வைத்துக்கொண்டு அங்கேயே ஓர் உள்ளாடை செய்துவிட்டார். 1914 நவம்பர் 3 அன்று 'முதுகில்லாத பிரேசியர்' என்று அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பிறகு வார்னர் பிரதர்ஸ் கார்செட் நிறுவனத்துக்கு 1,500 டாலருக்கு விற்றார். கெட்டிக்காரிதான். ஆனால் அந்தக் கைக்குட்டை மார்பை மறைத்து அமுக்கியதே ஒழிய, தாங்கவில்லை. கவுன் முடிந்தபின் உள்ளாடையைத் தேடினால் இன்றைக்கும் கையில் கிடைப்பது கைக்குட்டைதான்.

மாடலின் உடம்பில் கவுன் திறக்கும் கோட்டை மெல்லிய டேப்பால் முதலில் ஒட்டிக் குறியுங்கள். அதற்கு 1 செ.மீ. உள்ளே தள்ளி இன்னொரு கோடு. இரண்டாவது கோட்டுக்குள் பாரத்தைச் சுமக்க எந்த இடம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். விலாவா, இடையா, ஒரு தோளா? ஒன்றுமே இல்லை என்றால் வரைபடத்தைத்தான் மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தை நம்பி உள்ளாடையைத் தைத்து, அதை மாட்டிவிட்டு, அதன் மேல்தான் கவுனுக்கு அளவு எடுக்க வேண்டும். உள்ளாடை மாறினால் மார்பின் உச்சி மேலும் கீழும் நகரும், உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் எல்லாம் இடம் தப்பிவிடும்.

கேள்வி: ஒரு பக்க மார்பை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். கழுத்து இறங்கிய கவுன் இனி எனக்கு உண்டா?

பதில்: உண்டு. ஒற்றைத் தோள் டிசைனில் தொடங்குங்களேன். அறுவை நடந்த பக்கம் தோளோடு மூடியிருக்கட்டும், மறுபக்கம் திறக்கட்டும். கவுனுக்குள் தைக்கும் கப்பின் பின்னால் மென்மையான பருத்தியில் ஒரு பை வைத்து, செயற்கை மார்பை அதில் செருகுங்கள். கனமில்லாத ஃபோம் வகை என்றால் அது மெல்ல மேலே ஏறும், பைக்குள் இரண்டு இழை போட்டு நிறுத்த வேண்டும். குழிந்த பக்கம் கழுத்து விளிம்பு வாயைப் பிளக்கும். அங்கே தோல் நிற வலைத்துண்டு வைத்தால் துணி உடம்போடு படியும். தோலில் நேரடியாக ஒட்டும் செயற்கை மார்பும் இருக்கிறது. தழும்பு நன்றாக ஆறிவிட்டதா, ரேடியேஷன் கொடுத்த தோல் தேறிவிட்டதா என்று உங்கள் டாக்டரைக் கேட்டபின் மட்டுமே அது. தழும்பின் மேல் எந்தத் தையலும் போனும் வராதபடி டெய்லரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டிரயலின்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், அறுவை நடந்த பக்கம் தோள் இழுத்துப்பிடித்தால் அக்குள் வெட்டைக் கொஞ்சம் இறக்கச் சொல்லலாம்.

கேள்வி: விருந்து நடுவில் பிரா வயர் வெளியே வந்துவிட்டால்?

பதில்: உள்ளே தள்ளாதீர்கள், திரும்ப வரும். முழுதாக உருவி எடுத்துவிட்டு, மறுபக்க வயரையும் உருவிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தளர்ந்தால் யாருக்கும் தெரியாது.